பாட்டிலில் எழுதாத தேதி

கள்ளுக்கடைக்குப் போகிறவர் உட்காருவதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "எப்போது இறக்கியது?" என்பதுதான். திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அன்று காலை இறக்கிய இளங்கள் இனிக்கும், நாக்கில் சுருசுருக்கும். அதுவே மறுநாள் மூத்துப் புளித்து ஆளைத் தூக்கும். அந்திக்கள்ளுக்கென்றே மாலை வரை காத்திருப்பவர்கள் உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் நொதிக்காமல் அக்கானியாகவே, அதாவது பதநீராகவே, நின்றுவிடும். குடிப்பவருக்கு வேண்டிய செய்தி முழுவதும் இறக்கிய நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சுவையைப் பற்றிப் பேச்சே தொடங்கும்.

நுரைக்கும் மதுவில் உலகப் பெயர் பெற்ற ஷாம்பேனில் இது தலைகீழாக இருக்கிறது. அறுவடை ஆண்டு சிறப்பாக அமைந்தால் அதைப் பெரிய எழுத்தில் முன்பக்கம் போடுகிறார்கள். சுவை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டில் என்றைக்குத் தயாராகி வெளியே வந்தது என்ற தேதி பெரும்பாலானவற்றில் கிடையாது. போடச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நுரைக்கும் ஒயினின் லேபிள் பற்றிய விவாதங்களில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு தேதிதான் முக்கியம் என்பது என் கருத்து. அது இல்லாத இடத்தில் சுவைக் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரிபார்க்க முடியாத பேச்சாகவே நிற்கிறது.

ஷாம்பேன் செய்யும் முறை தெரிந்தால் இந்தச் சிக்கல் விளங்கும். இலையுதிர் காலத் தொடக்கத்தில் பறித்த திராட்சை முதலில் நுரையில்லாத, புளிப்பு தூக்கலான சாதாரண ஒயினாகிறது. புத்தாண்டுக்குப் பிறகு பல தோட்டங்களின் ஒயினையும் முந்தைய ஆண்டுகளில் சேமித்து வைத்த ஒயினையும் கலக்கிறார்கள். அந்தக் கலவையில் லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடுகிறார்கள். உள்ளே மறுபடி நொதித்தல் நடக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைந்து, பாட்டிலுக்குள் அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை ஏறுகிறது. வேலை முடித்த ஈஸ்ட் செத்து வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலோடு பாட்டில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நிலவறையில் கிடக்கும். செத்த ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதைந்து ஒயினில் கரைவதால்தான் சுட்ட ரொட்டி போன்ற அந்த மணம் வருகிறது. வண்டல் இருக்கும் வரை அது ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் இளமை குறையாமல் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் பாட்டிலைத் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறக்கிறார்கள். உறைந்த வண்டல் உள்ளழுத்தத்தில் தெறித்து வெளியே போகிறது. குறைந்த அளவை நிரப்பக் கொஞ்சம் ஒயினும், தேவைப்பட்டால் சர்க்கரையும் சேர்த்துக் கார்க் அடிக்கிறார்கள். வண்டலை நீக்கும் இந்த நாளில்தான் ஒயினின் இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. இதுவரை காவல் காத்த ஈஸ்ட் இனி இல்லை. கார்க் வழியே நுண்ணளவில் காற்று உள்ளே வரும், வாயு வெளியே போகும். தேன், வறுத்த கொட்டை, உலர்பழம் என மணம் மாறிக்கொண்டே போகும். ஆறு மாதத்துக்கு முன் வண்டல் நீக்கிய பாட்டிலும் ஆறு ஆண்டுக்கு முன் நீக்கிய பாட்டிலும் ஒரே அறுவடையாக இருந்தாலும் ஒரே பானம் இல்லை.

பொலான்ஜே நிறுவனம் இதை வைத்தே ஒரு தனி வகையை உருவாக்கியது. 1952ஆம் ஆண்டு அறுவடையைப் பல ஆண்டுகள் வண்டலோடு வைத்திருந்து, அண்மையில் வண்டல் நீக்கியது என்று லேபிளில் அறிவித்து 1967இல் விற்பனைக்கு விட்டது. ஆண்டு பழையது, பாட்டில் புதியது என்ற இரண்டு செய்திகளும் அதில் சேர்ந்திருந்தன. 1980களில் ஷாம்பேன் தயாரிப்பாளர் புரூனோ பைலார் தன் பாட்டில்கள் எல்லாவற்றிலும் வண்டல் நீக்கிய மாதத்தை அச்சிடத் தொடங்கினார். குடிப்பவரை மதிப்பதற்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை.

முன்பக்கத்தில் இருக்கும் அறுவடை ஆண்டு என்ன சொல்கிறது? ஷாம்பேன் பகுதி திராட்சை வளரும் எல்லைக்கு அருகில், ஏறக்குறைய 49ஆவது அட்சரேகையில் இருக்கிறது. வசந்தத்தில் உறைபனி, கோடையில் ஆலங்கட்டி, அறுவடை நேரத்தில் மழை என எந்த ஆண்டும் உறுதியில்லை. அதனால் நல்ல ஆண்டின் மிச்சத்தைச் சேமித்து மோசமான ஆண்டோடு கலப்பது அங்கே பிழைப்பு முறையாகவே வளர்ந்தது. இன்றும் விற்பனையில் பெரும்பகுதி ஆண்டு போடாத கலவைதான். ஆண்டு போட வேண்டுமென்றால் அந்த ஆண்டின் திராட்சை மட்டுமே இருக்க வேண்டும், பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 3 ஆண்டு காக்க வேண்டும். ஆண்டு போடாததற்கு 15 மாதம் போதும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான ஒயின் விதி, லேபிளில் போட்ட ஆண்டின் திராட்சை 85 சதவீதம் இருந்தாலே போதும் என்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஷாம்பேன் விதி கறாரானது. பர்கண்டி, லுவார், அல்சாஸ் போன்ற பிற பகுதிகளில் இதே முறையில் செய்யப்படும் க்ரெமான் வகைகளுக்குக் குறைந்தபட்சம் 9 மாதம் வண்டலோடு இருந்தால் போதும்.

தொம் பெரிஞோன், சலோன் போன்ற சில பெயர்கள் ஆண்டு போட்டுத்தான் வரும். சரியில்லாத ஆண்டில் பாட்டிலே வெளிவராது. ஒரு காலத்தில் இந்த ஆண்டு அறிவிப்புக்குப் பெரிய கனம் இருந்தது. புவி சூடாவதால் அந்தக் கனம் குறைந்துகொண்டு வருகிறது. 2003 வெப்ப அலையின்போது ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியதைப் பெரும் அதிசயமாகப் பேசினார்கள். அதற்குப் பின் ஆகஸ்ட் அறுவடை திரும்பத் திரும்ப வந்துவிட்டது. திராட்சை பழுக்காமல் போகும் ஆண்டுகள் அரிதாகும்போது, பழுத்த ஆண்டு என்று அறிவிப்பதில் செய்தி குறைகிறது.

இதை உணர்ந்த சில நிறுவனங்கள் ஆண்டு போடாத கலவைக்கே ஓர் அடையாளம் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. ஜாக்கசோன் 2000ஆம் ஆண்டு அறுவடையை அடிப்படையாக வைத்த கலவைக்கு 728 என்று எண்ணிட்டது. அதிலிருந்து ஆண்டுக்கு ஓர் எண் கூடுகிறது. க்ரூக் தன் கலவைக்குப் பதிப்பு எண் போடுகிறது. அதோடு பின்லேபிளில் ஓர் அடையாள எண்ணும் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தால் எந்தக் காலாண்டில், எந்த ஆண்டில் பாட்டில் நிலவறையைவிட்டு வந்தது என்று தெரியும். லூயி ரோடரேர் 2017 அறுவடையை அடிப்படையாகக் கொண்ட கலவையை 242 என்ற எண்ணோடு வெளியிட்டது. ஒவ்வோர் ஆண்டும் சுவை மாறாமல் இருக்கும் என்று நூறாண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள், மாறுகிறது என்று ஒப்புக்கொள்ளும் காலம் இது. நல்ல மாற்றம். ஆனால் சிறுபான்மை நிறுவனங்களின் விருப்பமாகவே இன்னும் இருக்கிறது.

லேபிளில் இடம் மட்டும் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாபாரிகள் வெளிப் பகுதித் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பேன் என்று விற்றார்கள். தொடர்ந்து விளைச்சல் பொய்த்துக் கடனில் மூழ்கியிருந்த திராட்சை விவசாயிகள் 1911இல் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டடங்கள் எரிந்தன, தெருவில் ஒயின் ஓடியது, ராணுவம் வந்தது. 1927இல் எல்லை வகுத்த சட்டமும் 1936இல் இடப்பெயர்ப் பாதுகாப்பும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சி. இடத்துக்காகக் கலவரம் நடந்தது. வண்டல் நீக்கிய தேதிக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. விவசாயியின் வயிற்றில் அடித்தது இடப் பொய். தேதி இல்லாததால் இழப்பு குடிப்பவருக்கு மட்டுமே, அவரோ சிதறிக் கிடப்பவர்.

இடப்பெயர்ச் சண்டை இந்தியாவுக்கும் வந்தது. 1980களில் புணே மாவட்டம் நாராயண்காவில் ஷாம்பேன் இண்டேஜ் என்ற நிறுவனம், பிரான்சின் பைப்பர் ஹைட்சீக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு நுரைக்கும் ஒயின் செய்து, ஓமர் கய்யாம் என்ற பெயரில் இங்கிலாந்துக்கு அனுப்பியது. இந்தியாவில் இப்படி ஒன்றா என்று அங்கே வியந்தார்கள். நிறுவனத்தின் பெயரிலேயே ஷாம்பேன் இருந்தது. 1999இல் இயற்றி 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் ஷாம்பேன் என்ற பெயர் இன்று இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. அந்த நிறுவனமும் பின்னாளில் இண்டேஜ் வின்ட்னர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது, பிறகு கடனில் மூழ்கி மறைந்தது. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் தோட்டம் போட்டபோது உடன் நின்றவர், ஷாம்பேனின் பூஸி கிராமத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸல். நாசிக்கில் சூலா நுரைக்கும் ஒயின் செய்கிறது. மொயே ஹென்னஸி குழுமம் திண்டோரியில் தோட்டங்களோடு ஆலை அமைத்து 2013இல் சாந்தோன் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கியது. இவையெல்லாம் ஸ்பார்க்ளிங் ஒயின் என்ற பெயரிலேயே வந்தவை. இட விஷயத்தில் இந்தியா சுத்தமாகத்தான் இருக்கிறது.

கால விஷயத்தில் நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாசிக்கில் மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் கொடியைக் கவாத்து செய்கிறார்கள். காய் பிடித்து வளர்வது குளிர்காலத்தில். நுரைக்கும் ஒயினுக்குப் புளிப்பு தேவை என்பதால் ஜனவரியிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆக, லேபிளில் 2024 என்று இருந்தால் அந்தத் திராட்சை வளர்ந்த மாதங்களில் பெரும்பாலானவை 2023ஐச் சேர்ந்தவை. பிரான்சில் ஆண்டு எண்ணைப் பார்த்தால் அந்த ஆண்டின் வெயிலும் மழையும் நினைவுக்கு வரும். நாசிக்கில் முந்தைய ஆண்டின் பருவமழை எப்போது விலகியது என்பதைத் தேட வேண்டும். அதைச் சொல்லும் லேபிளை நான் பார்த்ததில்லை.

இன்னும் தெற்கே வந்தால் ஆண்டு என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. ஒரு தோட்டம் தையில் பறிக்கும்போது அடுத்த தோட்டம் பூத்திருக்கும். அங்கே ஒயின் செய்பவர் ஆண்டைப் போட்டால் அதனால் தெரிவது எதுவும் இல்லை. மாதத்தைப் போட்டால் எல்லாம் தெரியும்.

இனி சுவைக் குறிப்புகள். பச்சை ஆப்பிள், எலுமிச்சை, ஈரச் சுண்ணக்கல், வறுத்த பாதாம், வெண்ணெய் ரொட்டி என்று நீளும் பட்டியலைக் கேலி செய்வது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். மணத்துக்குப் பெயர் வைப்பது கடினமான வேலை, பழகினால் திறமை கூடவும் செய்யும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984இல் வெளியிட்ட மணச் சக்கரம், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குத் துல்லியமான சொற்களைக் கொடுத்தது. இருந்தாலும் அந்தத் திறமைக்கு எல்லை உண்டு. 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில் ஒயின் கல்வி பயிலும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய பழங்களின் பெயராலேயே வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது. ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வு போட்டி நடுவர்களைச் சோதித்தது. ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை வெவ்வேறு எண்களில் மும்முறை கொடுத்தபோது, பத்தில் ஒருவர் அளவுக்கே மதிப்பெண் பெரிதும் மாறாமல் கொடுத்தார்கள்.

இதனால் குறிப்பெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஒரு பாட்டிலை ஒருவர் ஒரு நாள் சுவைத்ததன் பதிவு அது. எந்தப் பாட்டில், எந்த நாள் என்பது இருந்தால்தான் அந்தப் பதிவுக்குப் பயன். கொச்சியில் 1947 முதல் நடக்கும் தேயிலை ஏலத்தில் சுவைப்பவர் சொல்லும் கருத்து ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் குறிப்பிட்ட லாட்டைப் பற்றியது. அடுத்த லாட்டுக்கு மீண்டும் சுவைப்பார்கள். ஷாம்பேன் குறிப்புகளிலோ நிறுவனத்தின் பெயர் இருக்கும், மதிப்பெண் இருக்கும், வண்டல் நீக்கிய மாதம் பெரும்பாலும் இருக்காது. 3 ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் புதிதாகக் கார்க் அடித்த பாட்டிலைக் குடித்து எழுதிய குறிப்பை, பழைய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் படிக்கிறோம். சுவை பொருந்தவில்லை என்றால் நம் நாக்கைச் சந்தேகிக்கிறோம்.

சுவை பற்றி லேபிளில் உறுதியாக நம்பக்கூடியது சர்க்கரை அளவுதான். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ், எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 கிராமுக்குள், டெமி செக் 32 முதல் 50 வரை. எக்ஸ்ட்ரா டிரை என்று போட்டால் 12 முதல் 17, அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு. கிராம் எண்ணையே அச்சிடுபவர்கள் பெருகிவருகிறார்கள், தேதி இல்லாத பாட்டிலில் வாங்குபவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இருந்து பார்க்கும்போது தேதிக் கேள்வி இன்னும் அவசரமாகிறது. ரீம்ஸ் நகரத்தின் அடியில் இருக்கும் சுண்ணக்கல் நிலவறைகளில் ஆண்டு முழுவதும் 10, 12 டிகிரிதான். 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமையாக அறிவித்தது. இங்கே மார்கழியிலும் பகல் 30 டிகிரியைத் தாண்டும். வெப்பம் கூடக்கூட ஒயினுக்குள் நடக்கும் வேதிமாற்றங்கள் வேகமெடுக்கும். கப்பல், துறைமுகம், கிடங்கு, கடை அலமாரி என்று ஒரு பாட்டில் வெப்பத்தில் கழித்த மாதங்களைக் கணக்கிட, அது எப்போது வண்டல் நீங்கி வெளியே வந்தது என்பது தெரிந்தாக வேண்டும். பல ஆண்டுகளாக 150 சதவீதச் சுங்க வரியும் அதற்கு மேல் மாநில வரியும் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தத் தகவலைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

நடப்பது வேறு. கடையில் இறக்குமதி ஷாம்பேன் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் முகவரி, விலை, இறக்குமதி மாதம், குடி உடல்நலத்தைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை எல்லாம் சேர்ந்த வெள்ளை ஸ்டிக்கர், பிரெஞ்சுப் பின்லேபிளின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. வண்டல் நீக்கிய மாதத்தை அச்சிடும் நிறுவனத்தின் பாட்டில் அது. ஸ்டிக்கரின் ஓரத்தில் இரண்டு எழுத்துகளின் பாதி மட்டும் தெரிந்தது. சட்டம் கேட்பதை ஒட்டுகிறார்கள். சட்டம் கேட்காத தேதி அடியில் போய்விட்டது. ஒரு விரற்கடை தள்ளி ஒட்டியிருந்தால் இரண்டும் தெரிந்திருக்கும்.

திறந்த பிறகு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அண்மையில் அடித்த கார்க்கை எடுத்தால் அடிப்பகுதி பாவாடைபோல் விரியும். பல ஆண்டுகள் கழுத்தில் இறுகிக் கிடந்த கார்க் விரியாமல் ஆப்புபோலவே நிற்கும், தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆண்டு போட்ட ஷாம்பேனென்றால் கார்க்கிலும் அந்த ஆண்டு அச்சாகியிருக்கும். ஆனால் காசு கொடுத்துத் திறந்தபின் கிடைக்கும் செய்தி இது, வாங்கும் முன் உதவாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் 10 சதவீதத்துக்குக் குறைவான சாராயச்சத்து உள்ள பானங்களுக்குக் காலாவதித் தேதி கேட்கின்றன. நுரைக்கும் ஒயின்கள் பெரும்பாலும் 12 சதவீதம் இருப்பதால் அந்த வலையில் அவை சிக்குவதில்லை. ஒயின் கெட்டுப்போவதில்லை என்ற நினைப்பு இதன் பின்னால் இருக்கிறது. நஞ்சாவதில்லை என்பது சரி, சோர்ந்துபோவது நிச்சயம். கேரளக் கள் விதிகளிலும் காலத்தைக் கணக்கில் எடுக்காத இதே பார்வைதான். தென்னங்கள்ளுக்கு நீண்ட காலம் 8.1 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். கள்ளில் நொதித்தல் நிற்காது. மாதிரி எடுத்த நேரத்துக்கும் சோதித்த நேரத்துக்கும் இடையே எண் மாறிவிடும். நேரத்தை ஒதுக்கிவிட்டு அளவை மட்டும் பிடித்துக்கொண்டதால் கலப்படம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே எண்ணில் மாட்டும் நிலை வந்தது.

இங்கே ஒரு நல்ல வாய்ப்பு கையருகே இருக்கிறது. உள்ளூர்ப் பழங்களில் ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கான விதிகளைக் கேரள அரசு 2022இல் கொண்டுவந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் முந்திரிப் பழம், அன்னாசி, வாழைப்பழம் ஆகியவற்றில் 'நிளா' என்ற பெயரில் ஒயின் தயாரித்திருக்கிறது. முந்திரிப் பழத்துக்குக் குறுகிய பருவம் உண்டு, அன்னாசிக்கும் வாழைக்கும் ஆண்டெல்லாம் காய்ப்பு. பிரான்சைப் பார்த்து ஆண்டு எண்ணை மட்டும் இவர்கள் ஒட்டினால் வாங்குபவருக்குத் தெரியவரப்போவது எதுவுமில்லை. பழம் பறித்த மாதம், பாட்டிலில் அடைத்த மாதம், லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற மூன்றையும் முன்பக்கத்திலேயே போடலாம். எதிர்காலத்தில் நுரைக்கும் வகை செய்தால் வண்டல் நீக்கிய மாதத்தையும் சேர்க்கலாம். எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. லேபிளுக்கு ஒப்புதல் தரும் கலால் துறை இதே தலைநகரில் இருக்கிறது, மாநிலத்தின் மொத்த விற்பனையைக் கையில் வைத்திருக்கும் பெவ்கோவின் தலைமையகமும் இங்கேதான். இறக்குமதி ஸ்டிக்கரை எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று சொல்லவும் ஒரு சுற்றறிக்கை போதும்.